மேகத்துக்கும் கரண்டு பில் உண்டு, மாப்பிள்ளை

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில காத்தாட உக்காருங்க. தலை ஆடி விருந்துக்கு வந்தவரு கறிக்குழம்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம கம்ப்யூட்டரைப் பத்தியே பேசுறாருன்னு உங்க மாமியாருக்கு மனத்தாங்கல். எனக்கு அப்படியில்லை. போடி ஏலக்காய் மண்டியில பேரேடு எழுதியே தேஞ்ச கை இது. யாராவது கொட்டேஷனை நீட்டுனா எனக்கு அதுவே விருந்து. ஆடி முடியிற வரைக்கும் பொண்ணு இங்கதான் இருக்கும், நீங்க நாளைக்கு ஒத்தையில சிறுசேரிக்கு பஸ் ஏறணும். அதனால சோலியை இன்னைக்கே பேசி முடிச்சிருவோம்.

நீங்க குடுத்த காகிதத்தை ராத்திரி பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். கடையில இருக்கிற சர்வரைக் கழட்டிட்டுக் கணக்கை எல்லாம் ‘கிளவுடு’ல ஏத்திட்டா உங்க மச்சினனுக்கு மாசம் எம்புட்டு மிச்சம்னு முதல் பக்கத்துல போட்டிருக்கீங்க. அதைச் சரிபார்த்துக்கலாம். கடைசிப் பக்கத்துல ஒரு பச்சை இலைப் படம். இலைக்குக் கீழே ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ன்னு ஒத்தை வரி. வரிக்குக் கீழே ஒரு எண்ணும் இல்லை. தொகை போடாத வரியைப் பார்த்தா கணக்கப்பிள்ளைக்குத் தூக்கம் வராது. எனக்கு வரலை. குத்தமாச் சொல்லலை, இலை என்னமோ அழகாத்தான் இருக்கு.

மேகம் எங்களுக்குப் புதுசில்லை மாப்பிள்ளை. சின்னமனூர்ல இருந்து மேல ஏறுனா மேகமலை. காலங்காலமா மேகம் அங்க தங்கிட்டுத்தான் போகுது, யாருகிட்டயும் சந்தா கேட்டதில்லை. உங்க மேகம் அப்படியா? அது சிறுசேரி சிப்காட்டுலயும் அம்பத்தூர்லயும் மும்பையிலயும் காங்கிரீட்டுக் கட்டடமா நிக்குது. உள்ள வரிசை வரிசையா சர்வரு, மொட்டைமாடியில குளிரூட்டி, பின்பக்கம் டீசல் ஜெனரேட்டரு. சோஹோக்காரங்களையே எடுத்துக்கங்க. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில குத்தாலக் காத்து வாங்கிக்கிட்டு மென்பொருள் எழுதுறாங்க. நல்ல காரியம், நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை. ஆனா இந்தியாக் கணக்குகளைத் தாங்குற அவங்க டேட்டா சென்டரு மும்பையிலயும் சென்னையிலயும் இருக்கு. எழுதுற இடம் குளுகுளுன்னு இருக்கும், எரியிற இடம் வேற எங்கயோ இருக்கும். எல்லா மேகத்துக்கும் இதே கதைதான்.

சரி, உங்க பக்கத்து நியாயத்தை முதல்ல குடுத்துர்றேன். இல்லைன்னா மாமனாரு பழம்பஞ்சாங்கம்னு ஊருல போய்ச் சொல்லிருவீங்க. மலையில ரெண்டு ஏக்கர் ஏலம் வச்சிருக்கிறவன் தனக்குன்னு ஒரு ஸ்டோர் கட்டிப் பச்சைக்காய் உலர்த்துனா கட்டுபடியாகாது. தட்டு பாதி காலியாக் கிடக்கும், அடுப்பு மட்டும் முழுசா எரியும். அதனால பக்கத்து ஸ்டோர்ல கிலோவுக்கு இம்புட்டுன்னு கூலி குடுத்து உலர்த்தி வாங்குறான். நாலு பேரு காய் ஒரே சூட்டுல காயும், கிலோவுக்கு விழுற விறகு குறையும். உங்க டேட்டா சென்டர் செய்யிறதும் இதுதான். அமெரிக்காவுல என்ஆர்டிசின்னு ஒரு அமைப்பு 2014ல கணக்கெடுத்துச்சு. கம்பெனிக்காரங்க சொந்தமா வச்சிருக்கிற சர்வருங்க தன் சக்தியில சராசரியா 12லிருந்து 18 சதவீதம்தான் வேலை பார்க்குதாம். மிச்ச நேரம் விளக்கைப் போட்டுக்கிட்டுச் சும்மா நிக்குது. சும்மா நின்னாலும் கரண்டு இழுக்கும். அதையே நூறு பேருக்குப் பொதுவா வச்சா, நிக்கிற நேரம் குறையும்.

இன்னொரு எண்ணும் உங்களுக்குச் சாதகமா இருக்கு. சர்வர் தின்னுற கரண்டு ஒரு யூனிட்டுன்னா, குளிரூட்டி, யுபிஎஸ் எல்லாம் சேர்த்துக் கட்டடம் தின்னுறது எத்தனைன்னு ஒரு கணக்கு. பியுஇன்னு பேரு. உலகச் சராசரி 1.56ன்னு அப்டைம் இன்ஸ்டிடியூட் 2024ல சொல்லுச்சு. கூகுள் தன்னுது 1.1 பக்கம்னு பெருமை பேசுது. 2010க்கும் 2018க்கும் நடுவுல உலகத்து டேட்டா சென்டருங்க செஞ்ச வேலை ஆறரை மடங்கா ஏறுச்சு, தின்ன கரண்டு 6 சதவீதம்தான் ஏறுச்சுன்னு 2020ல ‘சயின்ஸ்’ பத்திரிகையில ஒரு கட்டுரை வந்துச்சு. இதை எல்லாம் உங்க இலைக்குக் கீழே போட்டிருந்தீங்கன்னா நான் நேத்துத் தூங்கியிருப்பேன்.

இப்ப நம்ம கடைக்கு வாங்க. மாடிப்படிக்குக் கீழ உங்க மச்சினன் ஒரு ரூம் வச்சிருக்கான், பார்த்திருக்கீங்களா? வெளியில ‘சர்வர் ரூம்’னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. உள்ள ஒரு கறுப்புப் பொட்டி, மூஞ்சியில பச்சை விளக்கு. அதுக்குப் பக்கத்துல யுபிஎஸ், கீழ நாலு பேட்டரி, பேட்டரி முனையில பூத்த வெள்ளை. ஓரத்துல உசிரு போன ரெண்டு மானிட்டரு, அதுக்கு மேல சரஸ்வதி பூஜைக்கு வச்ச சந்தனம் இன்னும் காஞ்சு கிடக்கு. சுவத்துல ஒன்றரை டன் ஏசி, 18ல ஓடுது. ராத்திரி, பகல், ஞாயித்துக்கிழமை, பங்குனிப் பொங்கல், எந்த நாளும் நிக்கிறதில்லை. கடையில கணக்கெழுதுற பிள்ளைக்கு ஃபேன்தான். பொட்டிக்கு ஏசி.

பேனாவைப் பிடிங்க. பொட்டி 150 வாட் இழுக்குதுன்னு வைங்க. நாளைக்கு 3.6 யூனிட், வருஷத்துக்கு 1,314. மத்திய மின்சார ஆணையத்துக் கணக்குப்படி நம்ம நாட்டுல ஒரு யூனிட்டுக்குச் சுமாரா 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, பொட்டி வருஷத்துக்கு 920 கிலோ. இப்ப ஏசி. மணிக்கு ஒரு யூனிட்டுன்னு வச்சாலும் நாளைக்கு 24, வருஷத்துக்கு 8,760. அது ஆறு டன்னுக்கு மேல. உங்க பியுஇ கணக்கை இந்த ரூமுக்குப் போட்டா ஏழரையைத் தாண்டுது மாப்பிள்ளை! ஏழரைன்னதும் சனி ஞாபகம் வந்துருச்சா? எனக்கும் வந்துச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பொட்டி 18 டிகிரி கேக்கவே இல்லை. குளிரூட்டித் துறைக்காரங்க சங்கம் ஆஷ்ரே, சர்வருக்கு உள்ள போற காத்து 27 டிகிரி வரைக்கும் இருக்கலாம்னு பரிந்துரை பண்ணியிருக்கு. கார்த்திகையில போடிக் காத்தைச் சன்னல் வழியா விட்டாலே போதும். தூசிக்கு ஒரு வலை கட்டணும், அம்புட்டுதான். ஆக, மேகத்துக்குப் போகாமயே ரிமோட்டுல ஒம்பது தடவை அமுக்குனா ஆறு டன்னுல ஒரு நல்ல பங்கைக் குறைக்கலாம். இந்த யோசனை உங்க கொட்டேஷன்ல ஏன் இல்லைன்னு நான் கேக்க மாட்டேன். ரிமோட் அமுக்குறதுக்குக் கமிஷன் கிடையாதே.

கோவிச்சுக்காதீங்க. மேகம் நம்ம ஊருக்கு நல்லது செஞ்ச கதையையும் சொல்றேன். ஒரு காலத்துல ஏலத்துல வாயாலதான் விலை கேப்பாங்க. 2007ல ஸ்பைசஸ் போர்டு போடியில மின்னணு ஏலத்தைக் கொண்டாந்துச்சு. அப்புறம் மலைக்கு அங்கிட்டுக் கேரளாவுல புத்தடியிலயும் வந்துச்சு. ஹால்ல போய் உக்காரணும். சாம்பிள் பாக்கெட்டு கைக்குக் கை வரும். பிரிச்சு உள்ளங்கையில கொட்டி, ஒரு காயை நகத்தால கீறி, அரிசி கறுப்பா இருக்கா, பிசுபிசுக்குதான்னு பார்த்து, மிச்சத்தைத் தரையில கொட்டிட்டுப் பொத்தானை அமுக்குறது. ஏலம் முடிஞ்சு எந்திரிச்சா செருப்புக்கடியில நொறுநொறுன்னு ஏலக்காய். வாசம் வீடு வரைக்கும் கூட வரும்.

இந்தப் பக்கத்து வியாபாரி புத்தடி ஏலத்துல கேக்கணும்னா மலையேறணும், அந்தப் பக்கத்து ஆளு இங்க கேக்கணும்னா இறங்கணும். கொரோனா வந்து மாநில எல்லையில கம்பு கட்டுனதும் திண்டாட்டம். 2021 தொடக்கத்துல ஸ்பைசஸ் போர்டு ஏலத்தையே கிளவுடுக்கு மாத்துச்சு. போடியில இருக்கிறவர் போடியில, புத்தடியில இருக்கிறவர் புத்தடியில, ரெண்டு பேரும் ஒரே ஏலத்துல ஒரே நேரத்துல கேக்கலாம்.

இப்பக் கணக்குப் போடுங்க. ஒரு வியாபாரி காருல போய்வர எட்டு லிட்டர் டீசல்னு வைங்க. லிட்டருக்கு 2.68 கிலோ கரியமில வாயு. ஒரு பயணத்துக்கு 21 கிலோ. அது நம்ம பொட்டி எட்டு நாளு ஓடுற கரண்டுக்குச் சமம். ஒருத்தர் ஒரே ஒரு நாள் மலையேறாம இருந்ததுல எட்டு நாள் சர்வர் கணக்கு நேராயிருச்சு. இதுதான் மேகத்தோட உண்மையான பச்சை. எங்க இருந்து வந்துச்சு? சர்வரை எங்க வச்சாங்கங்கிறதுல இருந்து வரலை. ஒரு காரு ஷெட்டுலயே நின்னுச்சே, அதுல இருந்து வந்துச்சு. அந்த வியாபாரி ஏலத்தைத் திரையில பார்த்துட்டு, ‘எதுக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வருவோம்’னு மறுநாள் மலையேறுனாருன்னா, டீசலும் போச்சு, மேகத்துக் கரண்டும் போச்சு. காய் என்னமோ அன்னைக்கும் இன்னைக்கும் மேகத்துல வர்றதில்லை. மூட்டையா வண்டியேறி, போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவையும் திரும்பித்தான் வருது.

அதனால, எவன் எந்தப் பச்சை இலையைக் காட்டுனாலும் நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: ‘இதை ஆரம்பிச்சா, எதைய்யா நிறுத்துவ?’ பதில் இருந்தா அது சேமிப்பு. பதில் இல்லைன்னா அது இன்னொரு செலவு.

கம்பத்துல திராட்சைக் கமிஷன் பண்ற நம்ம பங்காளி ஒருத்தர் இருக்காரு. ஒரு மேசை, ஒரு லேப்டாப்பு, அதுல டாலி. காலையில திறப்பாரு, பொழுது சாய மூடுவாரு. சர்வரும் இல்லை, ஏசியும் இல்லை. அவருகிட்டப் போய் ‘மேகத்துக்கு வாங்க, பூமியைக் காப்பாத்துங்க’ன்னா அவரு எதை நிறுத்துவாரு? லேப்டாப்பு அப்பவும் வேணும். கூடவே மோடம் பூரா நேரமும் எரியணும், நடுவுல டவரு, கேபிளு, அந்தக் கோடியில ஒரு டேட்டா சென்டரு. அவரு பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப சந்தோஷப்பட்டோம். அவரு கணக்குக்கும் ஒரு புவிசார் குறியீடு குடுக்கலாம்: மேசையிலயே விளைஞ்சு மேசையிலயே முடியிற கணக்கு. வாரத்துக்கொருக்க ஒரு பென்டிரைவ்ல நகல் எடுத்து வீட்டு பீரோவுல வச்சுக்கன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

சின்னமனூர் அரிசி ஆலை, ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலைன்னு கொஞ்சம் பெரிசாப் போனா கணக்கு உங்க பக்கம் திரும்பும். நாலு சர்வரு, தனி ஏசி, தனி யுபிஎஸ், ராத்திரிக் காவலுக்கு ஒரு ஆளு. அதை மொத்தமா மூடிட்டு மேகத்துக்குப் போனா நிஜமாவே குறையும். ஆனா அங்க நடக்கிறது என்ன? கிளவுடு சந்தாவும் கட்டுறாங்க, ‘எதுக்கும் இருக்கட்டும்’னு பழைய சர்வரையும் ஓட்டுறாங்க. கேட்டா, பழைய பாக்கி விவரம் அதுலதான் இருக்குங்கிறாங்க. வீட்டுலயும் சமைச்சுட்டு ஓட்டல்லயும் சொல்லிவிட்டா யாரு தின்னுறது? ரெண்டுக்கும் பில்லு மட்டும் வரும்.

அப்புறம் இந்த ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே’ சமாச்சாரம். சொந்த சர்வர்ல இடம் குறைஞ்சா உங்க மச்சினன் பழசை அழிப்பான், ஏன்னா புது ஹார்டு டிஸ்க் வாங்கக் கைக்காசு போகும். மேகத்துல இடம் குறையிறதே இல்லை. அமுக்குனா விரியுது. அதனால என்ன செய்யிறான்? ஒவ்வொரு லாட்டுக்கும் பத்துப் பதினஞ்சு போட்டோ. 8 எம்எம் காயை எத்தனை கோணத்துல எடுத்தாலும் அது 8 எம்எம்தான். குடோன்ல கேமரா, நாள் பூரா மேகத்துக்குப் படம் ஏத்துது. நான் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். சாத்துன கதவு ஒண்ணு, அதுக்கு மேல ஒரு பல்லி. பல்லியும் அசையலை. அந்தப் படத்தைப் பாதுகாக்க எங்கயோ ஒரு டிஸ்க் சுத்துது, டிஸ்க்கைக் குளிர வைக்க ஒரு மோட்டார் சுத்துது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னாங்க பெரியவங்க. மேகத்துல போடுறதுக்கு விதிவிலக்கு எழுதி வைக்கலை.

எதை எம்புட்டுக் காலம் வைக்கணும்னு சட்டமே சொல்லியிருக்கு. ஜிஎஸ்டி கணக்குன்னா ஆண்டு அறிக்கைக் கெடுத் தேதியில இருந்து 72 மாசம். கேஸு, அப்பீலு இருந்தா கொஞ்சம் கூட. கம்பெனியாப் பதிஞ்சிருந்தா எட்டு வருஷம். அதுக்கு மேல நீங்க வச்சிருக்கிறது கணக்கு இல்லை, பரண்ல போட்ட பழைய பாத்திரம். சந்தாவோட சேர்த்து அழிக்கிறதுக்கும் ஒரு நாள் குறிச்சுக் குடுங்க. சித்திரை ஒண்ணு நல்ல நாளு.

அடுத்து, உங்க காகிதத்துல ‘எங்கள் டேட்டா சென்டர் 100 சதவீதம் பசுமை மின்சாரம்’னு இன்னொரு வரி. அங்க பாருங்க, ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடி சுத்துறதை. கம்பம் கணவாய்க் காத்து. ஆனி, ஆடி, ஆவணியில வேட்டியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். தமிழ்நாட்டுல காத்தாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு. ஆனா தை மாசத்து ராத்திரியில வந்து பாருங்க, அதே காத்தாடி நின்னுக்கிட்டே தூங்கும். சூரியத் தகடும் தூங்கும். லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்துலயும் தேக்கடித் தண்ணி இறங்குனாத்தான் கரண்டு. அந்நேரம் உங்க மேகத்தைத் தாங்குறது யாரு? பெரும்பாலும் நிலக்கரிதான்.

‘ஆடியில விளைஞ்ச யூனிட்டைத் தையில கழிச்சுக்கிட்டோம்’பாங்க. பழைய காத்தாலைகளுக்கு அப்படி ‘பேங்கிங்’ ஏற்பாடு இருக்கு, தெரியும். பேரேட்டுல அது சரியான பதிவு. ஆனா கரண்டு பேரேட்டுல தங்காது மாப்பிள்ளை, விளைஞ்ச நொடியில செலவாயிரும். ஆடியில எவனோ எரிச்சுட்டான், தையில உங்களுக்கு வந்தது கரி. வருஷக் கணக்கு பச்சை, ராத்திரிக் கணக்கு கறுப்பு. கூகுளே இந்த வித்தியாசத்தை ஒத்துக்கிட்டு, மணிக்கு மணி சுத்தமான மின்சாரம்னு 2030க்கு இலக்கு வச்சிருக்கு. உங்க கம்பெனி எந்தக் கணக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. மணிக் கணக்கா, வருஷக் கணக்கா? கேட்டா அவங்க முழிக்கிற முழியை வச்சே எனக்குப் புரிஞ்சிரும்.

தண்ணிக்கு வருவோம். தண்ணிக்கு வராம இந்தப் பள்ளத்தாக்குல எந்தப் பேச்சும் முடியாது. 1895ல பென்னிகுக் பெரியாறு அணையைக் கட்டி முடிச்ச நாள்ல இருந்து நாங்க அடியிலயும் கன அடியிலயும்தான் சிந்திக்கிறோம். 2023ல ஒரே வருஷத்துல டேட்டா சென்டருங்களுக்கு மட்டும் 610 கோடி கேலன் தண்ணி செலவாச்சுன்னு கூகுள் அறிக்கை விட்டுச்சு. பெரும்பங்கு குளிர வைக்கத்தான். கேலன்னா நமக்கு என்ன தெரியும்? நம்ம பாஷையில மாத்துனேன்: 2,300 கோடி லிட்டர். ஒரு டிஎம்சிங்கிறது சுமாரா 2,830 கோடி லிட்டர். ஆக, முக்கால் டிஎம்சிக்கு மேல. வைகை அணை 71 அடி நிறைஞ்சாலே 6 டிஎம்சி சொச்சம்தான். ஒரே கம்பெனி எட்டு வருஷம் குடிச்சா வைகை காலி.

எல்லா டேட்டா சென்டரும் இப்படித் தண்ணி குடிக்கிறதில்லைன்னு நீங்க வாயெடுக்கிறது தெரியுது. உண்மைதான், காத்தாலயே குளிர்ற சில்லரும் இருக்கு. அதுல தண்ணி மிச்சம், கரண்டு கூட. தண்ணியில குளிர்ந்தா கரண்டு மிச்சம். ஒரு பக்கம் இழுத்தா ஒரு பக்கம் போகும். 2019 கோடையில சென்னை லாரிக்குக் குடத்தைத் தூக்கிட்டு நின்னுச்சே, அந்தச் சென்னையிலதான் இந்த மேகம் நிக்குது. உங்க கம்பெனி ரெண்டுல எந்த ரகம்னு நீங்க குடுத்த காகிதத்துல இல்லை.

இன்னொரு சூது இருக்கு. மலிவானா மனுசன் கூடத் தின்பான். நிலக்கரி இயந்திரம் திறமையாக ஆக நிலக்கரிச் செலவு குறையலை, ஏறுச்சுன்னு ஜெவன்ஸ்னு ஒரு வெள்ளைக்காரரு 1865லயே எழுதி வச்சுட்டாரு. 2018 வரைக்கும் 6 சதவீதம்தான் ஏறுச்சுன்னு உங்களுக்கு ஒரு எண் குடுத்தேன்ல? அதுக்கு மேல கதை மாறிப்போச்சு. 2024ல உலக டேட்டா சென்டருங்க 41,500 கோடி யூனிட் தின்னுச்சாம், உலகக் கரண்டுல ஒன்றரை சதவீதம். 2030ல அது 94,500 கோடியாகும்னு சர்வதேச எரிசக்தி முகமை கணிக்குது. அயர்லாந்துல 2023லயே நாட்டுக் கரண்டுல 21 சதவீதம் இந்தக் கட்டடங்களுக்கே போயிருச்சு. கூகுளோட கரியமில வாயு 2019ல இருந்து 2023க்குள்ள 48 சதவீதம் ஏறுச்சு, மைக்ரோசாஃப்டுது 2020ல இருந்து 29 சதவீதம். ரெண்டு பேருமே சொந்த வாயால சொன்னது. ஏஐ வந்ததும் அடுப்புல இன்னும் ரெண்டு கட்டை கூட. உங்க காகிதத்துலயும் ‘ஏஐ உதவியாளர் இலவசம்’னு பார்த்தேன். மண்டிக் கணக்குக்கு எதுக்கு ஏஐ? பாக்கிக்காரனுக்கு எழுதுற கடுதாசியை அது மரியாதையா எழுதித் தருமாம். மரியாதையா எழுதுனா எவன் பாக்கி குடுப்பான்?

கழட்டுற சாமானைப் பத்தியும் காகிதத்துல ஒரு வரி இல்லை. 2022ல உலகம் தூக்கிப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். அதுல முறையாச் சேகரிச்சு மறுசுழற்சிக்குப் போனது நூத்துக்கு 22 சொச்சம்னு ஐ.நா. சபை அறிக்கை சொல்லுது. நம்ம பொட்டியும் நாலு பேட்டரியும் பழைய இரும்புக்காரன் தராசுல ஏறுச்சுன்னா, ஈயமும் அமிலமும் எந்த வாய்க்கால்ல இறங்கும்னு சொல்ல முடியாது. 2022லயே மின்கழிவுக்கும் பேட்டரிக்கும் தனித்தனி விதி போட்டாச்சு. பதிவு பெற்ற ஆளுகிட்டக் குடுத்து ரசீது வாங்கிக் குடுங்க, நான் ஃபைல்ல போட்டுக்குறேன்.

ஒரு நல்லதும் சொல்லிர்றேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சதும், கடையில மூணு கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணும்னு ஒருத்தன் வந்து நின்னான். ஒரு லேப்டாப்பு தன் ஆயுசுல உண்டாக்குற கரியமில வாயுவுல பெரும்பங்கு அதைச் செய்யிறப்பவே வந்துருது. அதனால பழசை இழுத்துப் பிடிச்சு ஓட்டுறதுதான் புண்ணியம். கணக்கு மேகத்துல ஓடுனா இங்க இருக்கிற கிழட்டுப் பொட்டியில லினக்ஸைப் போட்டு, சும்மா பார்க்கிற சன்னலா இன்னும் நாலஞ்சு வருஷம் வச்சுக்கலாம். இதுதான் உங்க வியாபாரத்துல எனக்குப் பிடிச்ச ஒரே பாயிண்டு. நீங்க எழுதாத பாயிண்டும் இதுதான். அடுத்த வாடிக்கையாளர்கிட்ட இதைச் சொல்லுங்க, மாமனாருக்குப் பங்கு வேண்டாம்.

ஆக, என் தீர்ப்பு. கடைக் கணக்கை மேகத்துக்கு ஏத்துறதுக்கு எனக்குச் சம்மதம். பயப்படாதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். போட்டோ லாட்டுக்கு ஒண்ணு. குடோன் கேமரா ஆள் அசைஞ்சா மட்டும் பதியட்டும். பெரிய நகல் எடுக்கிற வேலையை ராத்திரியில வைக்காம வெயில் உச்சிக்கு வந்த நேரத்துல வைங்க, அந்நேரம் சூரியக் கரண்டு கொஞ்சம் கூட ஓடும். கேபிள் அறுந்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்காம, மாசாந்திரக் கணக்கோட நகல் ஒண்ணு நம்ம பீரோவுல இருக்கட்டும். சந்தாவை அஞ்சு வருஷத்துக்கு மொத்தமாக் கட்டச் சொல்லாதீங்க. கல்யாணத்துக்கே நாங்க மூணு மாசம் விசாரிச்சோம்.

இது எல்லாத்துக்கும் மேல ஒரு ஷரத்து. மேகத்துல கணக்கு ஏறுற தேதியைப் பெருசா அச்சடிச்சிருக்கீங்க. படிக்கட்டுக்கடியில இருக்கிற பொட்டியோட பிளக்கையும், அந்த ஏசியோட பிளக்கையும் பிடுங்குற தேதி எங்க? அதை எழுதுங்க. பக்கத்துல உங்க மச்சினன் கையெழுத்து. ‘எதுக்கும் இருக்கட்டும்’னு அவன் சொன்னான்னா, அன்னையில இருந்து ரெண்டு கரண்டு பில்லும் அவன் சொந்தக் கணக்குல பற்று எழுதுவேன்னு அதுக்குக் கீழே நான் எழுதிக் கையெழுத்துப் போடுறேன். அந்தத் தேதி இல்லாத கொட்டேஷன்ல மட்டும் இந்தக் கை கையெழுத்துப் போடாது. எங்க, உங்க பேனாவைக் குடுங்க. இருக்கா, இல்லை அதையும் மேகத்துல ஏத்திட்டீங்களா?